ஃபக்ஃபூரி முதல் மங்கு வரை

'பீங்கான்' தமிழில் பிறந்த சொல்லன்று. கிண்ணத்தைக் குறிக்கும் 'பிங்கான்' என்னும் பாரசீகச் சொல்லே நம் நாவில் இவ்வடிவம் பெற்றது. பொருள் சீனத்தில் தோன்றியது; பெயரோ பாரசீகத்திலிருந்து வந்தது. இரண்டும் தமிழகக் கரையில் ஒன்றுசேர்ந்தமைக்கு, முஸ்லிம் வணிகர் பெரும்பங்கு கொண்டிருந்த கடல்வணிகமே காரணம். செட்டிநாட்டார் நாவில் இதற்கு 'மங்கு' என்று இன்னொரு பெயரும் உண்டு. கிண்ணத்தைச் சுட்டும் 'மங்கோக்' என்னும் மலாய்ச் சொல் இங்கே நினைவுக்கு வருகிறது. கடல் கடந்து சென்றோர் பொருளோடு சொல்லையும் கொண்டுவருவது புதிதன்றே!

செட்டிநாட்டுப் பீங்கானைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி, ஐரோப்பியச் சாமான்களைப் பட்டியலிட்டு முடித்துவிடுகின்றனர். இக்கதையின் முற்பகுதி அதனால் மறைந்துபோகிறது.

பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதையும் பருகுவதையும் நபிமொழி தடுத்திருக்கிறது. அரண்மனைகள் இத்தடையை எப்போதும் மதித்தன என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் உலோகத்தின் ஒளியை மண்ணில் வரவழைக்கும் முயற்சிக்கு இது தூண்டுகோலாயிற்று என்று கலை வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். 9ஆம் நூற்றாண்டில் பஸ்ராவின் குயவர்கள் சீன வெண்கலங்களைக் கண்டு, வெள்ளீயம் கலந்த வெண்ணிறப் பூச்சை உருவாக்கினர். அதன்மேல் கோபால்ட்டால் நீலக் கோடுகள் தீட்டினர். கலீஃபா ஹாரூன் ரஷீதுக்குக் குராசான் ஆளுநர் அலீ இப்னு ஈசா அனுப்பிய காணிக்கையில் 'சீனி ஃபக்ஃபூரி' இருபது இருந்தன என்றும், அவை தவிர வேறு பீங்கான்கள் ஈராயிரம் இருந்தன என்றும் பைஹகீ எழுதுகிறார். ஃபக்ஃபூர் என்பது சீனப் பேரரசரைக் குறிக்கும் பட்டப்பெயர். அரச பீங்கான் என்னும் கருத்து அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

பின்னர் 14ஆம் நூற்றாண்டில் ஓட்டம் திரும்பியது. ஈரானின் கோபால்ட் சீனத்தின் ஜிங்தேஜென் சூளைகளை அடைந்தது. சீனர் அந்நிறத்தை முஸ்லிம்களின் பெயராலேயே வழங்கினர். இன்று உலகமே சீனத்தின் அடையாளமாகக் கருதும் நீல-வெள்ளைப் பீங்கானின் நிறம் ஈரானிய மண்ணிலிருந்து சென்றது.

அதே காலத்தில் நம் கரையின் நிலை என்ன? சீனத்தின் அரும்பொருள்கள் 'ஜங்கு' எனும் பெருங்கலங்களில் மஅபருக்கு வந்து சேர்ந்ததை வஸ்ஸாஃப் குறிப்பிடுகிறார். மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானீயின் காலத்தில் இங்கு வந்த இப்னு பதூதா, 'ஃபத்தன்' என்னும் துறைமுகத்தைக் கண்டார். சீனப் பீங்கான் இந்தியா வழியாக மக்ரிபு வரை செல்வதையும் அவர் எழுதியிருக்கிறார். இராமநாதபுரம் மாவட்டம் கீழக்கரைக்கு அருகிலுள்ள பெரியபட்டினமே அந்த ஃபத்தன் என்று ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா கருதினார். 1987இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கு நடத்திய அகழாய்வு, 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகளை வெளிக்கொணர்ந்தது. லுங்சுவான் சூளைகளின் இளம்பச்சைப் பீங்கானும் அவற்றுள் இருந்தது. நஞ்சிட்ட உணவு பட்டால் இவ்வகைக் கலம் வெடித்துக் காட்டிக்கொடுக்கும் என்று சுல்தான்கள் பலர் நம்பினர். அந்நம்பிக்கை பொய். ஆனால் விலையை உயர்த்த அது போதுமானதாக இருந்தது.

தில்லியில் ஃபீரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளில் கிடைத்த யுவான் காலத்து நீல-வெள்ளைத் தட்டுகளும் கிண்ணங்களும் அறுபதுக்கும் மேற்பட்டவை. அரச அடுக்களைக்குரியது என்னும் குறிப்பு அவற்றுள் சிலவற்றில் பொறிக்கப்பட்டுள்ளது. அனைத்தும் உடைந்த நிலையிலேயே கிடைத்தன. பாத்திரங்களில் உருவங்கள் தீட்டுவதைத் தடுத்ததாகச் சுல்தான் ஃபீரோஸ் ஷா தம் நூலில் கூறுவதால், அவர் ஆணையாலேயே இவை உடைக்கப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர் ஒருவர் ஊகித்தார். பேணிவைத்தவர்களும் உண்டு: இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்கள் இன்றும் உள்ளன.

இனி, செட்டிநாடு. பெரியபட்டினத்துக்கும் காரைக்குடிக்கும் இடையே நேரடித் தொடர்ச்சி காட்ட முயல்வது வரலாறாகாது. நகரத்தாரின் பீங்கான் பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்துப் பர்மா, மலாயா, இலங்கை வணிகத்தால் வந்தது. ஆயினும் கடல்வழி பழையதே. அவர்கள் கடை வைத்திருந்த மோல்மேனுக்கு எதிரே, சால்வீன் ஆற்றின் மறுகரையில் இருப்பது மர்த்தபான். அவ்வூரின் பெயரால் வழங்கிய பெருஞ்சாடிகளில் இஞ்சியும் மிளகும் மாங்காயும் உப்பிட்டுத் தமக்கு அளிக்கப்பட்டதை இப்னு பதூதா குறித்துள்ளார். செட்டிநாட்டு வீடுகளின் ஊறுகாய்ச் சாடிகளைக் காண்போர் அவ்வரிகளை நினையாதிருக்க இயலாது.

இங்கே ஒரு குழப்பத்தையும் நீக்கிவிடலாம். செட்டிநாட்டுச் சாமான்கள் யாவும் பீங்கானல்ல. எனாமல் பாத்திரம் என்பது இரும்பின்மேல் கண்ணாடிப் பூச்சு உருக்கி இட்டது. சுவர்களை அலங்கரிக்கும் ஜப்பானிய ஓடுகள் சூளையில் சுட்டவை. ஆத்தங்குடிக் கல்லோ சூளையைக் காணாதது, சிமெண்டும் மணலும் நிறப்பொடியும் கொண்டு கண்ணாடித் தட்டின்மேல் வார்க்கப்படுவது. 1912இல் எழுந்த கானாடுகாத்தான் அரண்மனையைப் பார்க்க வருவோர் இவை மூன்றையும் ஒன்றாகவே எண்ணித் திரும்புகின்றனர்.

புதிய சுடுமண் கலைக்குத் தமிழகத்தை ஒட்டிய முதன்மை நிலைக்களன் புதுச்சேரி. டெபோரா ஸ்மித், ரே மீக்கர் ஆகிய இருவரும் 1971இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் மண்கலக் கூடத்தை நிறுவினர். ஜப்பானில் தொழில் பயின்ற டெபோரா, உயர்வெப்பத்தில் சுடும் கல்மண் கலங்களைச் செய்ய உள்ளூர்த் தமிழருக்குக் கற்பித்தார். அங்குப் பயின்றோர் இன்று நாடெங்கும் சூளை வைத்துள்ளனர். சிவகங்கை மாவட்டத்திலோ மானாமதுரையின் குயவர்கள் கடமும் பானையும் செய்கின்றனர். 2023இல் புவிசார் குறியீடும் பெற்றனர். பீங்கானைச் சேர்த்துவைத்த செட்டிநாடும், மண்ணை அறிந்த மானாமதுரையும் ஒரே மாவட்டத்தில் இருந்தும், ஒன்றின் வடிவத்தை மற்றொன்று எடுத்தாளவில்லை என்பது இக்கட்டுரையாளரின் குறை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இப்பாத்திரங்கள் ஒவ்வொன்றாக விலைபோகின்றன. தட்டின் அடிப்புறத்தில் ஆலையின் முத்திரை இருக்கும். எந்த ஊரில் செய்யப்பட்டது என்பதை அது சொல்லிவிடும். எந்த வீட்டில், யார் திருமணத்துக்கு, எந்தக் கப்பலில் வந்தது என்பதை முத்திரை சொல்லாது. அதைச் சொல்லத்தக்கவர்கள் அவ்வீடுகளின் மூத்த ஆச்சிமார். தட்டு வீட்டை விட்டுப் போகும்முன் அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பவர் மிகச் சிலரே.