உபதேசியாரின் சம்பளமும் மறைநூலின் பொருளும்: பிரகாசபுரத்தின் தனித் திருச்சபை

1857-ஆம் ஆண்டு என்றதும் வடஇந்தியப் பெருங்கிளர்ச்சியே நினைவுக்கு வரும். அதே ஆண்டில் திருநெல்வேலிச் சீமையில், நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில், ஆயுதம் ஏந்தாத ஒரு பிரிவினை நிகழ்ந்தது. ஆங்கிலிக்க மிஷனின் ஆளுகையிலிருந்து கிறிஸ்தவர் சிலர் விலகி, ‘இயேசு நாதரின் இந்துத் திருச்சபை’ என்னும் பொருள்பட ஒரு தனிச் சபையை நிறுவிக்கொண்டனர். ‘இந்து’ என்ற சொல்லை அவர்கள் ‘இந்நாட்டுக்குரிய’ என்னும் பொருளிலேயே கையாண்டனர். அச்சபையை வழிநடத்தியவர் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை.

இவர் முன்பு மிஷனின் உபதேசியாராக இருந்தவர். அக்காலத்துச் சிற்றூர்ச் சபைகளின் அன்றாட வாழ்வு உபதேசியார்களையே சார்ந்திருந்தது. ஜெபம் நடத்துவதும், வேதபாடம் கற்பிப்பதும், நோயாளிகளைச் சந்திப்பதும், சச்சரவுகளைத் தீர்ப்பதும் அவர்கள் பொறுப்பு. மிஷனரியோ பல ஊர்களைச் சுற்றிவருபவர். ஆயினும் உபதேசியாருக்குச் சம்பளம் தந்தது மிஷன். அவரை நியமிக்கவும் நீக்கவும் வல்லவர் மிஷனரி. ஊரோடு வாழ்ந்த ஒருவர் ஊருக்கு வெளியே கணக்குக் காட்டவேண்டிய இந்நிலையே அவ்வமைப்பின் உள்முரண். மிஷனரியோடு ஏற்பட்ட பூசலில் வேலையிழந்த சட்டாம்பிள்ளை அம்முரணைத் தம் வாழ்விலேயே கண்டவர்.

பூசலுக்கு நெய் வார்த்தது ஒரு சிறு நூல். ராபர்ட் கால்டுவெல் 1849-இல் சாணார்கள் என்று அந்நாளில் குறிக்கப்பட்ட நாடார்களைப் பற்றி ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் அது. இங்கிலாந்து வாசகர்களிடம் மிஷன் பணிக்கு ஆதரவு திரட்டும் நோக்கில் எழுதப்பட்ட அந்நூல், நாடார்களின் அறிவையும் பழக்கவழக்கங்களையும் தாழ்த்திப் பேசியது. அதனைச் சட்டாம்பிள்ளை தம் மக்களிடையே அறியச்செய்தபோது, தங்கள் மேய்ப்பர்கள் தங்களைக் குறித்து எழுதியிருந்ததை அம்மக்கள் முதன்முறையாக அறிந்தனர். மதம் மாறியோர் தம்மைப் பற்றிய ஆவணத்தைத் தாமே வாசித்து மறுத்த தொடக்ககால நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று.

ஆனால் சினம் மட்டும் ஒரு சபையைத் தாங்காது. சட்டாம்பிள்ளை மிஷனரிகள் கையளித்த வேதாகமத்தையே தம் ஆதாரமாகக் கொண்டார். பழைய ஏற்பாட்டின் வழிபாட்டு முறைகள் ஐரோப்பிய வழக்கங்களைவிடத் தமிழர் வழக்கங்களுக்கே நெருக்கமானவை என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே அச்சபையார் சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தனர், தரையில் விழுந்து வணங்கினர், தூபம் காட்டினர், நற்கருணையில் புளிக்காத திராட்சைச் சாற்றைப் பயன்படுத்தினர். ஞாயிறு வழிபாடு உட்பட ஐரோப்பியர் இயல்பென்று கருதிய பலவும் மறைநூல் விதித்தவை அல்ல என்பது அவர்களின் வாதம். கிறிஸ்துவை விடாமலே ஐரோப்பாவை விட்டுவிட இயலும் என்று அவர்கள் காட்டினர்.

இதே வேட்கை பின்னர் நகரங்களிலும் எழுந்தது. சென்னையில் மருத்துவர் புல்னி ஆண்டி 1886-இல் தேசியத் திருச்சபையைத் தொடங்கினார். கல்கத்தாவில் காளிசரண் பானர்ஜியும் ஜே. ஜி. ஷோமும் 1887-இல் கிறிஸ்தோ சமாஜத்தை அமைத்தனர். இரண்டும் கற்றோரின் முயற்சிகள். மிஷன் பிரிவுகளைக் கடந்த இந்தியத் திருச்சபை ஒன்றை நாடியவை. கல்கத்தா அமைப்பு சில ஆண்டுகளில் கலைந்தது. சென்னைச் சபையும் பெரிதாக வளரவில்லை. பிரகாசபுரத்துச் சபைக்கோ உறவும் ஊரும் அரணாக நின்றன. தன்னாட்சி, தன்னிறைவு, தன்பரவல் என்று சி.எம்.எஸ். செயலர் ஹென்றி வென் வகுத்த இலக்குகளை மிஷன்கள் தொலைவில் வைத்துப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு சிறு கூட்டம் எவருடைய அனுமதியும் கேளாமல் அவ்வழியில் நடந்துவிட்டது.

எனினும் அந்த அரணுக்கு மறுபக்கமும் உண்டு. சபையைக் காத்த உறவு வலை பெரும்பாலும் ஒரே சாதியின் வலை. சாதி மானம் காக்க எழுந்த எதிர்ப்பு, சாதி என்னும் அமைப்பையே கேள்விக்குள்ளாக்கும் எதிர்ப்பாக வளரவில்லை. சாதிப் பழக்கங்களைக் கைவிடுமாறு வற்புறுத்திய மிஷனரிகளின் இனச் செருக்கை இச்சபை சரியாகவே அடையாளம் கண்டது. தன் வாசலுக்கு வெளியே நின்றோரின் நிலையை அதே கூர்மையுடன் காணவில்லை. இவ்விரண்டில் ஒன்றை மறைத்து எழுதினால், சட்டாம்பிள்ளை விடுதலை வீரராகவோ வெறும் சாதிப் பற்றாளராகவோ சுருங்கிவிடுவார்.

சிறு தனிச் சபைகளின் வரலாற்றை ஆராய்வோர் பொதுவாக இரண்டு கேள்விகளைக் கேட்பதுண்டு: போதகருக்குச் சோறிடுபவர் யார்? மறைநூலுக்குப் பொருள் சொல்லும் உரிமை யாருடையது? பிரகாசபுரம் இவ்விரண்டுக்கும் துணிவான விடை தந்தது. சபையின் வாசல் யாருக்குத் திறந்திருக்கிறது என்ற மூன்றாவது கேள்வியையும் சேர்த்தே அதன் வரலாறு எழுதப்பட வேண்டும்.