ஏலகிரி வளைவுல பைக் ஓட்டினா ரேஸர் ஆகிடலாமா? கோ-கார்ட்டில் இருந்து நாஸ்கார் வரை... நரேன் கார்த்திகேயன் போன பாதை!

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஏலகிரி மலைப்பாதை நல்லாவே தெரியும். மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். பாரதியார், கம்பர், கபிலர், ஔவையார்னு சில வளைவுகளுக்குப் புலவர்கள் பேர். பாரி, ஓரி, பேகன்னு மற்றதுக்கு வள்ளல்கள் பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில போய்ப் பார்த்தா, கபிலர் வளைவுல முழங்கால் தரையில தட்டுற அளவுக்கு பைக்கைச் சாய்க்கிற பசங்களை எப்படியும் பார்த்துடலாம். ஹெல்மெட் இருந்தா அதிசயம்.

'இவன் ரேஸர் ஆகிடுவான்'னு பக்கத்துல நிக்கிற ஃப்ரெண்ட் சொல்லுவான். ஆக முடியுமா? முடியும்னா அதுக்கு வழி எங்க ஆரம்பிக்குது? தமிழ்நாட்டுல இருந்து ஒருத்தர் ஃபார்முலா 1 வரைக்கும் போனார். அதோட நிக்காம அமெரிக்காவோட 'ஸ்டாக் கார்' உலகத்துக்குள்ளயும் நுழைஞ்சு பார்த்தார். அவர் கோவை நரேன் கார்த்திகேயன். அவர் போன பாதையை வெச்சே இதைப் புரிஞ்சுக்கலாம்.

ஸ்டாக் கார்னா என்ன?

டிவியில பார்க்கிற ஃபார்முலா 1 கார் ஒல்லியா, சக்கரம் வெளியே தெரியிற மாதிரி, ஒரே ஆள் உட்காருற மாதிரி இருக்கும். ஸ்டாக் கார் அப்படி இல்ல. பார்க்க நம்ம தெருவுல ஓடுற கார் மாதிரியே இருக்கும். 'ஸ்டாக்' என்றால் ஷோரூமில் விற்பனைக்கு இருக்கும் சரக்கு. ஆரம்ப காலத்துல நிஜமாவே கடையில வாங்கின காரைத்தான் ஓட்டினாங்க. இப்போ வெளித்தோற்றம் மட்டும்தான் கார். உள்ளே இருப்பது இரும்புக் குழாய்களால் செய்த கூடு, பெரிய வி8 இன்ஜின், சுமார் ஒன்றரை டன் எடை.

இந்தப் போட்டிகளை நடத்தும் அமைப்புதான் நாஸ்கார். 1948-ல் பில் ஃபிரான்ஸ் என்பவர் அமெரிக்காவின் டேடோனா பீச் நகரில் தொடங்கினார். இதுக்குப் பின்னால ஒரு சுவாரஸ்யமான கதை இருக்கு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கள்ளச்சாராயம் கடத்தினவங்க, போலீஸ் கையில சிக்காம இருக்க கார் இன்ஜினை மாத்தி வேகத்தைக் கூட்டினாங்க. அப்படி ராத்திரியில மலைப்பாதையில ஓட்டிப் பழகின சிலர்தான் பின்னாடி ரேஸ் டிராக்கில் நட்சத்திரம் ஆனாங்க. ஜூனியர் ஜான்சன் அதில் பெரிய பேர். சாராய வழக்கில் ஜெயிலுக்கும் போயிருக்கார். 1986-ல் அதிபர் ரீகன் அவருக்கு மன்னிப்பு கொடுத்தார்.

நாஸ்கார் டிராக் பெரும்பாலும் முட்டை வடிவம், திரும்புறது எல்லாமே இடது பக்கம். 'இதுல என்ன கஷ்டம்?'னு தோணும். நாற்பது வண்டி ஒண்ணை ஒண்ணு உரசிக்கிட்டு மணிக்கு 250, 300 கிலோமீட்டர் வேகத்துல போகும்போது, முன்னாடி போறவர் கொஞ்சம் தடுமாறினாலே பின்னாடி பத்து வண்டி அடிபடும். கஷ்டம் அங்கதான்.

கோ-கார்ட் எதுக்கு?

உலகத்துல இன்னிக்கு பெரிய ரேஸர்னு சொல்ற யாரைக் கேட்டாலும் கோ-கார்ட்டில்தான் ஆரம்பிச்சேன்னு சொல்வாங்க. ஏழு முறை ஃபார்முலா 1 சாம்பியனான லூயிஸ் ஹாமில்டன் 8 வயசுல கார்ட் ஓட்டத் தொடங்கினார். 13 வயசுல மெக்லாரன் அணி அவரை எடுத்துக்கிட்டது. 2021-ல் நாஸ்கார் கோப்பை சாம்பியன் ஆன கைல் லார்சன் கலிஃபோர்னியாவில் 7 வயசுல மண் டிராக் கார்ட்டில் தொடங்கினவர்.

மால்ல பத்து நிமிஷத்துக்குக் காசு கட்டி ஓட்டுற கார்ட்டை வெச்சு இதை எடை போடாதீங்க. போட்டி கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது. ரோட்டில் இருக்கிற சின்னக் குழிகூட நேரா முதுகெலும்புக்கு வரும். பின்சக்கரம் ரெண்டும் ஒரே அச்சில் சேர்ந்து சுத்தும். அதனால வளைவுல திரும்பணும்னா உள்பக்கச் சக்கரத்தை லேசா தரையை விட்டுத் தூக்கணும், அதையும் ஸ்டியரிங்காலயும் உடம்பாலயுமே செய்யணும். எந்த இடத்துல பிரேக், எப்போ ஆக்ஸிலேட்டர், டயர் எப்போ வழுக்கும் என்பதை உடம்பு தானா கத்துக்கிற வயசு ஏழெட்டு. இருபது வயசுல வந்து கத்துக்கிறவங்க அதை யோசிச்சு யோசிச்சுத்தான் செய்யணும்.

இந்த இடத்துலதான் நரேன் கதை வேற மாதிரி போகுது. அவர் சின்ன வயசுல கார்ட் சாம்பியனா வளரலை. அப்போ நம்ம நாட்டுல அதுக்கான ஏற்பாடே சரியா இல்ல.

யார் இந்த நரேன்?

1977 ஜனவரி 14-ல் சென்னையில் பிறந்தவர், வளர்ந்தது கோவையில். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் ரேலி ஓட்டுநர். தென்னிந்திய ரேலியை ஏழு முறை ஜெயிச்சவர். உறவினர் எஸ். கரிவரதன், கோவையின் ரேஸ் கார் வடிவமைப்பாளர். நம்ம ஊரு மாருதி 800 இன்ஜினை எடுத்து, அதைச் சுத்தி ஒத்தை ஆள் ரேஸ் காரைக் கட்டி 'ஃபார்முலா மாருதி'ன்னு ஓட விட்டவர் இவர்தான். பால் வாங்கப் போற காரோட இன்ஜின்ல ரேஸ்! இன்னிக்கு இருக்கிற பல ரேஸர்களுக்கு முதல் கார் அதுதான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துட்டார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கிற 'கரி மோட்டார் ஸ்பீட்வே'க்கு அவர் பேர்தான் வெச்சிருக்காங்க.

பதினைந்து, பதினாறு வயசுல நரேன் இறங்கின முதல் ரேஸ் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல, ஃபார்முலா மாருதியில. முதல் ரேஸிலேயே முதல் மூணு இடத்துக்குள்ள வந்துட்டார். 1992-ல் பிரான்ஸின் வின்ஃபீல்ட் ரேஸிங் ஸ்கூல். அப்புறம் இங்கிலாந்து. 1994-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை ஜெயிச்சார். ஐரோப்பாவில் ஒரு சாம்பியன்ஷிப்பை ஜெயிச்ச முதல் இந்தியர் அவர். 1996-ல் ஃபார்முலா ஏஷியா சாம்பியன். 2001-ல் ஜாகுவார் அணிக்காக சில்வர்ஸ்டோன் டிராக்கில் ஃபார்முலா 1 காரைச் சோதனை ஓட்டம் ஓட்டினார். இதுவும் இந்தியர்களில் முதல் முறை.

2005 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் ஜோர்டான் அணிக்காகக் களம் இறங்கினார். இந்தியாவோட முதல் ஃபார்முலா 1 ரேஸர்.

வருஷத்தை எண்ணிப் பாருங்க. 1994-ல் ஐரோப்பாவில் ஜெயிச்சவருக்கு 2005-லதான் இடம். நடுவுல 11 வருஷம். திறமை இல்லாததாலயா? கிடையாது. ஒவ்வொரு படியிலும் அடுத்த சீசனுக்கு யார் காசு கொடுப்பாங்கங்கிறதுதான் கேள்வி.

காசுதான் கதவு

தமிழ் படிச்சவங்களுக்கு இதைச் சொன்னா சட்டுனு புரியும். புலவருக்கு வள்ளல் எப்படியோ, ரேஸருக்கு ஸ்பான்சர் அப்படி. பாட்டு எவ்வளவு நல்லா இருந்தாலும் பரிசில் கொடுக்க ஒருத்தர் வேணும். நரேனுக்கு ஜே.கே. டயரும் டாடாவும் அப்படிக் கிடைச்சாங்க. கிடைக்காதவங்க பேர் நமக்குத் தெரியாது.

கார்ட்டிலேயே இந்தச் செலவு ஆரம்பிச்சிடும். டயர் சில ரேஸுக்கு ஒருமுறை மாத்தணும். இன்ஜினைக் குறிப்பிட்ட மணி நேரம் ஓடினதும் பிரிச்சு சரிபார்க்கணும். பையன் வளர வளர கார்ட் சட்டமும் பெருசா மாத்தணும். மெக்கானிக், நுழைவுக் கட்டணம், பயணம் எல்லாம் தனி. ஐரோப்பாவுக்குப் போயிட்டா இதே கணக்கு யூரோவில்.

ஜெயிச்சவங்க வீட்டைப் பாருங்க. நரேனின் அப்பா ரேலி சாம்பியன். சென்னையில் கார்ட்டில் தொடங்கி பைக், கார் ரேஸ்னு போன அலிஷா அப்துல்லாவின் அப்பா ஆர்.ஏ. அப்துல்லா பைக் ரேஸ் சாம்பியன். வீட்டுல ஏற்கெனவே ஹெல்மெட் தொங்கிக்கிட்டு இருந்த பிள்ளைங்கதான் அதிகம். தோல் ஷாப்புல வேலை பார்க்கிறவர் வீட்டுப் பையனுக்கு இந்தப் பாதை அடைச்சிருக்குன்னு சொல்ல வரலை. ஆனா சமமா திறந்திருக்குன்னு சொன்னா அது பொய்.

ஆறே கார் ஓடின ரேஸ்

நரேனின் சிறந்த ஃபார்முலா 1 முடிவு 2005 ஜூனில் அமெரிக்காவின் இண்டியானபோலிஸில் வந்தது. அங்க ஒரு வளைவு ஸ்டாக் கார் டிராக் மாதிரி சாய்வா கட்டினது. அந்தச் சாய்வில் போகும் அழுத்தத்தை மிஷெலின் டயர் தாங்கலை. அதனால அந்த டயர் போட்ட 14 கார்களும் ரேஸ் தொடங்குறதுக்கு முன்னாடியே விலகிடுச்சு. மிச்சம் ஆறு கார். நரேன் நாலாவது இடம், 5 புள்ளிகள். 'ஆறு பேர்ல நாலாவதா?'ன்னு கிண்டல் பண்றவங்க இன்னிக்கும் உண்டு. ஆனா ஃபார்முலா 1-ல் முதல்முதலா புள்ளி எடுத்த இந்தியர்னு பதிவானது அன்னிக்குத்தான்.

அடுத்த வருஷம் அவருக்கு ரேஸ் இடம் கிடைக்கலை.

நாஸ்காருக்குப் போன கோவைக்காரர்

2010-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைச்சது. அதே வருஷம்தான் யாரும் எதிர்பார்க்காத ஒண்ணைச் செஞ்சார். நாஸ்காரின் டிரக் தொடரில் சேர்ந்தார். டிரக்னா நம்ம லாரி இல்ல, பிக்-அப் வண்டி உருவத்துல இருக்கிற ஸ்டாக் கார். இந்தியாவில் பிறந்தவர்களில் நாஸ்கார் தேசியத் தொடரில் ஓட்டின முதல் ஆள் அவர்தான்.

முதல் ரேஸ் மார்ச்சில் மார்ட்டின்ஸ்வில் டிராக்கில். ஒரு சுற்று 850 மீட்டர்தான், பேப்பர் கிளிப் மாதிரி வடிவம், 250 சுற்று ஓட்டணும். ஃபார்முலா காரில் பக்கத்துக் கார் மேல பட்டாலே சக்கரம் கழண்டுடும். இங்கே தட்டி, தள்ளித்தான் வழி வாங்கணும். எடையும் இரண்டு மடங்குக்கு மேல. பதினஞ்சு வருஷம் பழகின உடம்புக்கு எல்லாமே தலைகீழ். அப்படியிருந்தும் 13-வது இடத்துல முடிச்சார். என் கணக்குல இண்டியானபோலிஸ் நாலாவது இடத்தைவிட இது பெரிசு.

அந்த சீசனில் ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற 'மிகப் பிரபலமான டிரைவர்' விருதும் அவருக்குத்தான். ஓட்டுப் போட்டது யாருன்னு சொல்லவா வேணும்! ஆனா ஓட்டு வேற, ஸ்பான்சர் வேற. நாஸ்கார் அந்த ஒரு சீசனோட முடிஞ்சது. 2011-ல் எச்.ஆர்.டி. அணிக்காக மறுபடி ஃபார்முலா 1. அந்த வருஷம் கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீயில் ஓட்டின ஒரே இந்தியர் அவர். அப்புறம் ஜப்பானுக்குப் போனார். 2019-ல் ஃபியூஜி டிராக்கில் ஒரு ரேஸை ஜெயிச்சப்போ வயசு 42.

அதே டிரக் தொடரில் 2024 மார்ச்சில் லாஸ் வேகாஸில் ஜெயிச்சவர் ராஜா கரூத் என்ற அமெரிக்க இளைஞர். அவர் ஆரம்பிச்சது கோ-கார்ட்டில்கூட இல்ல. வீட்டுல கம்ப்யூட்டர் முன்னாடி ஸ்டியரிங் வெச்சு ஓட்டுற சிமுலேட்டர் ரேஸில்! அங்கே வேகமா ஓட்டினதைப் பார்த்துதான் நிஜ வண்டி கொடுத்தாங்க.

நம்ம பக்கத்துல எங்கே தொடங்கலாம்?

வாணியம்பாடி வழியா போகுதே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை, அதே ரோட்டில்தான் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கும் இருக்கு. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்திக்கிட்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் இங்கே நிரந்தர டிராக் கட்டியது. நீளம் 3.7 கிலோமீட்டர். இப்போ பக்கத்திலேயே சர்வதேசத் தரத்தில் கார்ட் டிராக்கும் இருக்கு. எதிர்த்திசையில் போனா பெங்களூருவில் கார்ட் பயிற்சி இடங்கள் இருக்கு. கோவையில் கரி ஸ்பீட்வே. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுத்தி ராத்திரி ரேஸ் நடந்தப்போ குடும்பம் குடும்பமா போய்ப் பார்த்தது ஞாபகம் இருக்கும்.

கார்ட் போட்டிக்கு ஆர்.டி.ஓ. லைசென்ஸ் தேவையில்ல. எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்ற இந்திய மோட்டார் விளையாட்டு அமைப்பு கொடுக்கிற போட்டி லைசென்ஸ் வேணும். பெற்றோர் கையெழுத்து, மருத்துவச் சான்று கேட்பாங்க. முதல்லயே கார்ட் வாங்க ஓடாதீங்க. வாடகைக் கார்ட்டில் சில மாதம் ஓட்ட விட்டு, சுற்று நேரம் குறையுதான்னு பாருங்க. பையனோ பொண்ணோ, கார்ட்டுக்கு வித்தியாசம் கிடையாது, ஒரே ரேஸ்தான்.

நம்ம ஊர்க்காரங்களுக்காக ஒரு தகவல். பைக் ரேஸர் போடுறது தோல் சூட், விழுந்து தேய்ஞ்சா தோல்தான் தாங்கும். கார் ரேஸர் போடுறது தீப்பிடிக்காத துணி.

பைபாஸ்ல ஓட்டினா?

பொதுச் சாலையில் ரேஸ் ஓட்டுறது மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி குற்றம். ஜெயில், அபராதம் ரெண்டுக்கும் வழி இருக்கு. ஓட்டினது 18 வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைன்னா 199ஏ பிரிவு வரும். 2019 திருத்தத்துக்கு அப்புறம் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருஷம் வரை சிறையும் கிடைக்கலாம். வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடைக்காது. நரேன் 25 வயசுக்குள்ள ஃபார்முலா 1 காரையே ஓட்டிப் பார்த்துட்டார்.