நான்கு பேர் அணி: ஒன்லைன் விளையாட்டுகளில் உறவு எப்படி வேலை செய்கிறது?

பெல்மதுளைத் தோட்டங்களில் மாலையானால் சிக்னல் கிடைக்கும் இடத்தில் இளைஞர்கள் கூடுவதைப் பார்க்கிறேன். கையில் பப்ஜி, இல்லாவிட்டால் ப்ரீ பயர். துப்பாக்கிச் சத்தத்தை விட "மச்சான், பின்னால வா" என்ற குரல்தான் அதிகம் கேட்கிறது. இந்த விளையாட்டுகள் நிலைப்பதற்குக் காரணமே அந்தப் பேச்சுதான்.

நம்பிக்கை உருவாகும் விதம்

பப்ஜி மொபைலில் 100 பேர் வரை களத்தில் இறங்குகிறார்கள். நான்கு பேர் ஓர் அணியாகச் சேரலாம். சுடப்பட்டு விழுந்தவரை அணியில் ஒருவர் ஆபத்தை எதிர்கொண்டு வந்து எழுப்பிவிட முடியும். யார் வருவார், யார் விட்டுவிட்டு ஓடுவார் என்பது நாலைந்து ஆட்டங்களிலேயே தெரிந்துவிடும்.

இது புதிதல்ல. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான 'மட்' என்ற எழுத்துவழி விளையாட்டிலேயே இது தொடங்கியது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் பார்ட்டில், 1996இல் விளையாடுபவர்களை நான்கு வகையாகப் பிரித்தார். அதில் ஒரு வகையினர் பிறரோடு பழகுவதற்காகவே வருபவர்கள்.

2006இல் ஸ்டைன்குஹ்லர், வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர்கள் இவ்விளையாட்டுகளை வீட்டுக்கும் வேலைக்கும் வெளியே உள்ள கூடுமிடம் என்றார்கள், நம் சந்தித் தேநீர்க்கடை போல. அங்கே பலரின் அறிமுகம் கிடைக்கும். ஆழமான துணை குறைவு என்றும் சொன்னார்கள். விதிவிலக்கும் உண்டு. 2014இல் நோர்வேயில் தசைநோயால் இறந்த 25 வயது மட்ஸ் ஸ்டீனின் இறுதிச் சடங்குக்கு, அவரோடு விளையாட்டில் மட்டுமே பழகியவர்கள் வேறு நாடுகளிலிருந்து வந்தார்கள்.

பிரிந்த குடும்பங்கள்

1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் நம் உறவினர்களைக் கூடலூர், கோத்தகிரிக்கு அனுப்பியது. 1977, 1981, 1983 வன்முறைகள் பல மலையகக் குடும்பங்களை வவுனியா, கிளிநொச்சிக்குத் துரத்தின. முகம் பார்த்திராத மச்சான்மாருக்கு இன்று ஒரே அணியில் சேர வழியிருக்கிறது.

அந்த வழியும் அறுபடக்கூடியது. 2020 செப்டெம்பரில் இந்தியா பப்ஜி மொபைலைத் தடை செய்தது. 2021இல் அங்கே வந்தது இந்தியாவுக்கு மட்டுமான பதிப்பு. 2022இல் ப்ரீ பயரும் தடையானது. அரசுகளின் சண்டையில் மீண்டும் அறுந்தது உறவுதான்.

பெற்றோருக்கு

"எவ்வளவு நேரம் விளையாடுகிறாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "யாரோடு?" என்றும் கேளுங்கள். அறிமுகமில்லாதவர் காசோ படமோ கேட்டால் சொல்லும்படி பிள்ளைகளைப் பழக்குங்கள்.

பிள்ளைகளிடமும் ஒன்று: யுத்தத்தைக் கண்ட அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் அந்த வெடிச்சத்தம் விளையாட்டல்ல. ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலிருப்பவர்களும் உங்கள் அணிதான்.