மெய்நிகர் உலகம்

வேறோர் இடத்தில் நாமே நிற்பதாகப் புலன்களை நம்பவைக்கும் கணினித் தொழில்நுட்பம் மெய்நிகர் உலகம், பேச்சுவழக்கில் விஆர். கண்ணெதிரே இருக்கும் காட்சியின்மீதே கணினிப் படத்தைப் பொருத்திக் காட்டுவது மிகைமெய், அதாவது ஏஆர்.

உயிர்களை அறிவுகளால் வகுக்கும் தொல்காப்பிய மரபியல், தொடுவுணர்வை முதலிலும் கண்ணை நான்காவதாகவும் வைக்கிறது. இத்தொழில்நுட்பமோ கண்ணிலிருந்து தொடங்கியது. இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட படங்களைக் காட்டினால் ஆழம் தோன்றும் என்று 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டன் மெய்ப்பித்தார். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும் கருவியை 1968-இல் ஐவன் சதர்லேண்டு செய்தார். அது கூரையிலிருந்து தொங்கும் அமைப்போடு பிணைக்கப்பட்டிருந்தது. அதன் கண்ணாடி வழியே அறையும் தெரிந்ததால், விஆர், ஏஆர் இரண்டுக்கும் அதுவே தாய்க்கருவி. 2014-இல் ஓக்குலஸ் நிறுவனத்தை ஃபேஸ்புக் வாங்கியதும், 2016-இல் போகிமான் கோ விளையாட்டு தெருவுக்கு வந்ததும் இத்துறையை ஆய்வகத்திலிருந்து மக்களிடம் கொண்டுசேர்த்தன.

தர்மபுரி மாவட்டத்தின் கம்பைநல்லூர் வட்டாரத்துக்கு இத்தொழில்நுட்பம் பக்கத்து மாவட்டச் செய்தியாக வந்தது 2022 பிப்ரவரியில். 2004-இல் தர்மபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சிவலிங்கபுரம் கிராமத்தில் ஒரு திருமணம் நடந்தது. கொரோனாக் கட்டுப்பாட்டால் அழைக்கக்கூடியவர்களின் எண்ணிக்கை சுருங்கிப்போக, மணமக்கள் வரவேற்பை மெட்டாவெர்ஸ் என்னும் இணையவழி முப்பரிமாண உலகில் வைத்தார்கள். ஹாரி பாட்டர் கதையின் கோட்டைதான் மண்டபம். விருந்தினர்கள் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் நுழைந்தார்கள். முந்தைய ஆண்டு காலமான மணமகளின் தந்தையும் முப்பரிமாண உருவமாக அங்கே நின்று வாழ்த்தினார். கோட்டையைக் காட்டியே செய்திகள் பரவின. ஆனால் இத்தொழில்நுட்பம் எதற்கு என்ற கேள்விக்கு நம் மண்ணிலிருந்து கிடைத்த நேர்மையான பதில் அந்தத் தந்தையின் உருவமே. அவரைப் பார்க்க முடிந்தது. காலைத் தொட்டு ஆசி வாங்க முடியவில்லை.

மற்றப் புலன்களை எட்டும் முயற்சிகளிலும் தமிழர் பங்கு உண்டு. ஏ.ஆர். ரகுமான் இயக்கிய 'லே மஸ்க்' என்னும் விஆர் திரைப்படம், காட்சி, இசையோடு மணத்தையும் இருக்கையின் அசைவையும் சேர்த்து 2022-இல் கான் நகரில் காட்டப்பட்டது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் மு. மணிவண்ணனின் தொடுவுணர்வு ஆய்வகம் இன்னும் கடினமான வேலையைக் கையில் எடுத்திருக்கிறது. அங்கு உருவான ஐடாட் என்ற தொடுதிரையில், அசையும் பாகம் எதுவும் இல்லாமலே சொரசொரப்பையும் பொத்தானின் விளிம்பையும் விரல் உணரும். மருத்துவ மாணவர் நோயாளியைத் தொடுமுன் கைப்பழக்கம் பெற இத்தகைய ஆய்வுகள் துணைபுரியும்.

தடைகள் இன்னும் பல. தலை திரும்பியபின் படம் நகர ஏறத்தாழ 20 மில்லிநொடிக்கு மேல் ஆனால் பலருக்குக் குமட்டும். விலையும் எட்டாத உயரம்: 2024-இல் ஆப்பிள் விஷன் புரோ வந்தபோது அதன் விலை 3,499 டாலர்.

ஆகவே, தர்மபுரி போன்ற மாவட்டங்களில், கைப்பேசியே போதும் என்பதால், ஏஆர்தான் முதலில் வேர்விடும் என்று கருத இடமுண்டு. இங்கே வயலோரங்களில் நிற்கும் நடுகற்கள் பலவற்றில் வட்டெழுத்து இருக்கிறது. ஊராருக்கு அதைப் படிக்கத் தெரியாது. கைப்பேசிக் கேமராவைக் கல்லுக்கு நேரே பிடித்தால் அதே வரிகள் இன்றைய எழுத்தில் கல்லின் மேலேயே தோன்றச் செய்யலாம். அதற்கான கல்வெட்டு வாசகங்கள் பல கைவசம் உள்ளன: தமிழ்நாடு தொல்லியல் துறை 'தருமபுரி கல்வெட்டுகள்' நூலை 1975-இலேயே வெளியிட்டுவிட்டது.