கொள்ளிடப் படுகைக் குடும்பங்களும் வெள்ளமும்

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம் நெடுங்காலமாக வெள்ள வடிகாலாகவே விளங்கியதால், ஆற்றுக்கும் தடுப்புக் கரைக்கும் இடைப்பட்ட வண்டல் நிலமான படுகையில் வாழ்ந்தோர், ஆடிப்பெருக்கை வழிபட்டவாறே அதற்கு அஞ்சியும் வாழ்ந்தனர். உணவு நெல் குதிரில் கிடக்க, விதைநெல் மட்டும் வைக்கோற்புரியால் இறுகச் சுற்றப்பட்டு, மேலே சாணமும் மண்ணும் பூசிய கோட்டையாகப் பரணில் ஏற்றப்பட்டது. இடிந்த மண்சுவரை மீண்டும் எழுப்பிவிடலாம், விதை நனைந்தாலோ அடுத்த போகமே இல்லை.

கரை உடையும் நிலையில் ஊரார் கூடி மண்ணும் தழையும் இட்டு அடைப்பது வழக்கம். நீர்நிலைகளை ஊராரே பேணும் குடிமராமத்தோடு உறவுடைய இவ்வழக்கத்தை, 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் மீறினால் தண்டனைக்குரிய கடமையாக்கியது. ஆனால் அச்சட்டம் உழைக்கும் வகுப்பினரையே அழைத்ததால், தாழ்வான இடங்களில் குடிசை போட்டிருந்தவர்கள் தம் உடைமைகளை விட்டுவிட்டுப் பிறர் வயலைக் காக்க மண் சுமக்க நேர்ந்தது; இது பெரும் அநீதியே. 1924 ஜூலையில் பெருவெள்ளம் கண்ட காவிரி, 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றபின் ஓரளவு அடங்கியது; எனினும் அணை நிரம்பி உபரிநீர் பெருமளவில் திறக்கப்படும் ஆண்டுகளில் படுகை இன்றும் மூழ்குகிறது.