மலையேறும் முன் ஒரு மன்னன் செய்த ஏற்பாடு

2243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலைக்கு இன்று யாத்திரைக் காலத்திற் செல்வோருக்குப் படிகளும் மின்விளக்குகளும் உண்டு. 1344இல் இலங்கைக் கரையை அடைந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவுக்கு மின்விளக்குகள் இருக்கவில்லை. ஆதம் நபியின் பாதச்சுவட்டைக் காண்பதே தம் விருப்பம் என யாழ்ப்பாண மன்னன் ஆரியச்சக்கரவர்த்தியிடம் அவர் தெரிவித்தார்.

மன்னன் பல்லக்குக் கொடுத்தான். ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்றுவந்த யோகியர் 4 பேர், பிராமணர் 3 பேர், பரிவாரத்தார் 10 பேர், உணவு சுமப்போர் 15 பேர் ஆகியோரை உடனனுப்பினான். வழியெங்கும் நீர் கிடைத்தது. மலையிற் பற்றியேற 10 இரும்புச் சங்கிலிகள் இருந்தனவெனவும் அப்பயணி பதிவுசெய்துள்ளார்.

முஸ்லிம் யாத்திரிகருக்குச் சைவ மன்னன் துணை, வழியறிந்தோர் யோகியர். மலை எவருக்குரியது என்ற வாதம் எழும்போதெல்லாம் அந்த 32 துணைவரையும் நினைத்துக்கொள்வது நல்லது.