பரம்பரை இடர்ப்புள்ளி: கண்டிப் பிரதேசத்தை முன்னிட்டு

பரம்பரை இடர்ப்புள்ளி என்பது, ஒருவருடைய உயிரணுக்களில் அமைந்த டி.என்.ஏ. என்னும் பரம்பரைப் பொருளில் ஆங்காங்கே காணப்படும் ஆயிரக்கணக்கான, சில முறைகளில் இலட்சக்கணக்கான, நுண்ணிய வேறுபாடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவ்வேறுபாடு ஒரு குறித்த வியாதியோடு எவ்வளவு தொடர்புடையது என்று பெருந்தொகையான மக்களிடையே நடத்திய ஆராய்ச்சியினால் நிர்ணயிக்கப்பட்ட நிறையால் பெருக்கி, அனைத்தையும் கூட்டிப் பெறும் ஓர் எண்ணாகும். உள்ள நோயைக் கண்டறியும் பரிசோதனை அல்ல இது. இன்னும் வராத வியாதி பிற்காலத்தில் வருவதற்கான நிகழ்தகவு, அதே பிராயத்தினரும் அதே சமூகத்தினருமான பிறரோடு ஒப்பிடுகையில் ஒருவருக்குக் கூடுதலா குறைவா என்று உரைக்கும் மதிப்பீடே. மலையகத்தில் சீனி வருத்தம் என்று வழங்கும் நீரிழிவு, மாரடைப்பு, மார்பகப் புற்றுநோய் போன்ற சாதாரண வியாதிகளுக்கே இது பெரிதும் கணிக்கப்படுகிறது.

இவ்வியாதிகளை, ஒரே பரம்பரையலகின் பழுதினால் விளையும் நோய்களினின்றும் பிரித்தறிதல் அவசியம். இலங்கையில் நன்கறியப்பட்ட இரத்த நோயான தலசீமியாவை எடுத்துக்கொண்டால், தாயும் தந்தையும் அப்பழுதைத் தாங்கியவர்களாயின், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு உண்டென்று திட்டமாகச் சொல்லிவிடலாம். விவாகத்துக்கு முன்னரே இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளும்படி வைத்தியர்கள் வற்புறுத்துவதும் அதனாலேயே. நீரிழிவிலோ அத்தகைய திட்டவட்டம் இல்லை. 2006ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து ஆராய்ச்சியாளர் கண்ட டி.சி.எஃப்.7எல்.2 என்னும் பரம்பரையலகின் வேறுபாடே, சாதாரண நீரிழிவோடு தொடர்புடையவற்றுள் மிக வலியவற்றில் ஒன்றாகக் கருதப்படுவது. அதுவும் பிரதி ஒன்றுக்கு வாய்ப்பை ஏறத்தாழ 1.4 மடங்காக்குவதோடு நின்றுவிடுகிறது. ஏனைய நூற்றுக்கணக்கான வேறுபாடுகள் அதனினும் சிறியவை. தனித்தனியே அற்பமானவை திரண்டு பெரிதாகின்றன என்னும் இக்கொள்கைக்கு ரொனால்ட் ஃபிஷர் 1918இலேயே கணித ஆதாரம் வகுத்தளித்தாராயினும், அதை மனிதரிடத்தில் அளந்து பார்க்கும் கருவிகள் இருபத்தோராம் நூற்றாண்டில்தான் கைகூடின.

அமித் கேராவும், தமிழ் வமிசத்தினரான சேகர் கதிரேசனும், அவர்தம் குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையைப் பொது வைத்தியத்தின் வாயிலுக்குக் கொண்டுவந்தது எனலாம். பிரித்தானிய உயிர்வங்கியில் சேர்ந்திருந்தோரைக் கொண்டு நடந்த அவ்வாய்வில், 66 இலட்சம் வேறுபாடுகளைத் தொகுத்து இருதய நாடி நோய்க்குரிய புள்ளியைக் கணித்தபோது, நூற்றுக்கு எட்டுப் பேரின் ஆபத்து ஏனையோருக்கு உள்ளதைப்போல் மும்மடங்கோ அதற்கு மேலோ இருப்பது புலனாயிற்று. பரம்பரையாக இரத்தக் கொழுப்பு மிகும் அரிய நோயுடையோருக்கே உரியதென்று எண்ணப்பட்ட ஆபத்து, எந்த வெளியடையாளமும் இல்லாத இத்தனை பேரிடம் மறைந்திருக்கிறது என்னும் செய்தி வைத்திய உலகைத் திடுக்கிடச் செய்ததில் வியப்பில்லை.

எனினும், அங்கே கணித்த அளவுகோலைக் கண்டிக்குக் கொண்டுவந்து அப்படியே நீட்டுவது தகாது. பரம்பரை ஆய்வுகளிற் பங்குபற்றியோரில் நூற்றுக்கு 79 பேரளவில் ஐரோப்பிய வமிசத்தினர் என்றும், அவர்களைக் கொண்டு வகுத்த புள்ளிகளின் கூர்மை தென்னாசியரிடம் சராசரி 37 வீதமும் கிழக்காசியரிடம் 50 வீதமும் ஆபிரிக்கரிடம் 78 வீதமும் குறைந்துபோகிறது என்றும் அலிஷியா மார்ட்டின் குழுவினர் 2019இல் காட்டினர். காரணம் இதுவே: ஆய்விற் சுட்டப்படும் வேறுபாடு பெரும்பாலும் வியாதியின் மெய்யான காரணமாக இராமல், அக்காரணத்துக்கு அருகில் அமர்ந்து அதனோடு கூடவே சந்ததிக்குச் சந்ததி இறங்கிவருகின்ற ஓர் அடையாளம் மாத்திரமே. பெருந்தெருவின் முடக்கில் நாட்டிய பெயர்ப்பலகை தோட்டத்துக்குப் போகும் வழியைக் காட்டுமேயன்றித் தானே தோட்டமாகாது; அதே பலகையைப் பிடுங்கி வேறொரு தெருவில் நாட்டினால், அது காட்டும் வழியில் தோட்டம் இருக்குமென்று யார் உறுதி சொல்வார்?

ஐரோப்பியரிடம் அநேகமாக இல்லாததும் நம்மிடையே மலிந்ததுமான வேறுபாடுகளும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெருந்துறை தண்டபாணியும் அவருடைய கூட்டாளிகளும் 2009இல் அறிவித்த எம்.ஒய்.பி.பி.சி.3 என்னும் பரம்பரையலகில் டி.என்.ஏ. எழுத்துகள் 25 குறைந்திருப்பது அத்தகையது. இருதயத் தசையின் புரதமொன்றை அது பாதிக்கிறது; இந்திய உபகண்டத்து வமிசத்தினரில் நூற்றுக்கு நால்வரளவில் அதைத் தாங்கியிருக்கின்றனர். அதன் தீமையின் அளவு பற்றிப் பின்வந்த ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், இலண்டனில் தொகுத்த பட்டியல் ஒன்றில் இது இடம்பெறாமற் போவது சாத்தியம் என்பதும், அப்பட்டியலை நம்பிய வைத்தியருக்கு நம்மவர் இருதயத்தின் ஒரு முக்கிய விஷயம் தெரியாமலே போய்விடும் என்பதும் வெளிப்படை.

கண்டிப் பிரதேசத்தின் ஜனங்களோ ஒரே கொடிவழியினர் அல்லர். 1815 வரை நிலைத்த கண்டி இராச்சியத்தின் சிங்களக் குடிகள், 1739 முதல் அரியணையேறிய நாயக்க வமிசத்து அரசர்களோடும் அரசிகளோடும் மதுரைச் சீமையிலிருந்து வந்த பரிவாரத்தினர், அக்குறணை, கல்ஹின்னை முதலிய ஊர்களின் முஸ்லிம்கள், யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்தையும் வர்த்தகத்தையும் நாடி வந்தோர் ஆகிய இவர்கள் யாவரிடையேயும், கோப்பிப் பயிர் கம்பளைப் பக்கத்தில் வேரூன்றிய 1820களிலிருந்தும், ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலையை நட்ட பின்னர் இன்னும் பெருந்தொகையாகவும், திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்துவந்த மலையகத் தமிழர் குடியேறினர். வழியில் மாண்டோர் எத்தனையோ பேர். மிஞ்சியோரின் சந்ததியினரே இன்று லயங்கள் என்னும் தோட்டத் தொடர்வீடுகளில் வாழ்வோர். ஊர், உறவு, ஜாதி என்ற எல்லைகளுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கமும், மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் முறைமையும் தொடர்ந்தமையால், அயல் அயலாக வாழும் இரண்டு குழுவினரின் பரம்பரை அமைப்பிலேகூட நுட்பமான வித்தியாசங்கள் நிலைத்திருக்கக்கூடும். தென்னாசியாவில் 260க்கு மேற்பட்ட சமூகக் குழுக்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, அவற்றுள் 81 குழுக்கள் சிறுதொகையினரான முன்னோரிலிருந்து பெருகியவை என்பதற்கு வலிய சான்று காட்டியதையும் இங்கு நினைவுகூரலாம். ஆகவே, தென்னாசியர் என்ற ஒற்றைப் பெயரின்கீழ் வகுக்கப்படும் புள்ளிகூடக் கண்டிக்குப் போதுமானதென்று கொள்ள இயலாது.

இப்பிரதேசத்தில் பரம்பரைக் காரணங்களை ஆராயும் முயற்சி இல்லாமலில்லை. 1962இல் தொடங்கப்பெற்ற பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தாரும் கண்டிப் போதனா வைத்தியசாலையின் சிறுநீரகப் பிரிவினரும், ஜப்பானின் கியோத்தோப் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, வடமத்திய மாகாண விவசாயிகளைப் பீடித்த காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோயை ஆராய்ந்து, எஸ்.எல்.சி.13ஏ3 என்னும் பரம்பரையலகிலுள்ள ஒரு வேறுபாடு அந்நோயோடு தொடர்புடையதாகத் தோன்றுகிறது என்று 2014இல் அறிவித்தனர். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வேறுபாடொன்று நோயோடு தொடர்புடையது என்பது வேறு. அவ்வேறுபாட்டைக் கொண்டு இன்னாருக்கு நோய் வரும் என்று முன்னறிவது வேறு. அவ்வேறுபாட்டை உடையவர்களிலும் பெரும்பாலோர் நோயின்றி வாழ்ந்து முடிப்பர். குடிநீர், வெப்பம், உழைப்பு, விவசாய இரசாயனங்கள் ஆகியவை பற்றிய விசாரணையை அக்கண்டுபிடிப்பு ஓர் அணுவளவும் தவிர்த்துவிடவில்லை.

மக்களின் பெருஞ்சுமையான நீரிழிவுக்கு வருவோம். பிரசாத் கட்டுலந்தவும் சகாக்களும் 2005, 2006ஆம் ஆண்டுகளில், வடக்கும் கிழக்கும் நீங்கலாக ஏழு மாகாணங்களில் நடத்திய கணக்கெடுப்பில், 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. நகரங்களில் 16.4 வீதமாகவும் கிராமங்களில் 8.7 வீதமாகவும் இருந்த அவ்வெண்களைவிட, நோயுற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தனர் என்பதே கவலைக்குரியது. நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையேயுள்ள ஏறக்குறைய இரட்டிப்பு வித்தியாசத்தைப் பரம்பரையலகுகளால் விளக்க இயலாதென்பதைச் சொல்லவும் வேண்டுமோ? கொழுந்துக் கூடையுடன் நாள் முழுதும் சரிவில் ஏறியிறங்கும் தாயும், கண்டி நகரத்துக் கடையொன்றில் பன்னிரண்டு மணி நேரம் நின்றும் இருந்தும் உழைக்கும் அவள் மகனும் பாதிப் பரம்பரைப் பொருளைப் பகிர்ந்திருந்தும், மகனுக்கே நாற்பதுக்குள் சீனி வருத்தம் தொடங்குமாயின், மாறியது உழைப்பும் உணவுமேயாகும். குறைந்த எடையோடு பிறந்த குழந்தை, பிற்காலத்தில் உடல் மெலிந்து தோன்றியும் உள்ளே கொழுப்பு மிகுந்ததாய் நீரிழிவுக்கு ஆளாகும் தன்மையைப் பூனாவின் யாஜ்னிக் முதலியோர் விளக்கியிருக்கின்றனர். தோட்டங்களில் எடை குறைந்த பிறப்புகள் நெடுங்காலமாக மலிந்திருப்பதை நோக்க, அக்குழந்தைகளுக்கு நேரும் ஆபத்தில் ஒரு பங்கு, எந்தப் புள்ளியிலும் எழுதப்படாமல் தாயின் பட்டினியில் எழுதப்பட்டிருக்கிறது.

அன்றியும், எளிய கருவிகள் ஏற்கெனவே கையில் உண்டு. சென்னையில் மோகனும் குழுவினரும் 2005இல் வகுத்த இந்திய நீரிழிவு இடர்ப்புள்ளி, வயது, இடுப்பளவு, பெற்றோரின் நோய், உடலுழைப்பு என்னும் நான்கையே கேட்கிறது. ஓர் அளவுநாடா போதும். இலங்கை மக்களுக்கென்றே அவ்வகைப் புள்ளியொன்று கட்டுலந்த குழுவினரால் பின்னர் வகுக்கப்பட்டிருக்கிறது. சுகாதார அமைச்சின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில், இரத்த அழுத்தத்தையும் சீனியையும் அளந்து, இருதய ஆபத்தை அட்டவணையிற் பார்த்துச் சொல்கின்றனர். இவற்றின்மீது பரம்பரைப் புள்ளியைச் சேர்த்தால் நடுவயதினரிடத்தில் முன்னறிவு சிறிதளவே கூடுகிறது. ஐம்பது வயதில் இடுப்பும் இரத்தமும் தாமே பேசத் தொடங்கிவிடுகின்றன. பரம்பரைப் புள்ளியின் தனிச்சிறப்பு இருபது வயதில் விளங்குவது: அப்போது சீனியும் சரி, அழுத்தமும் சரி, கொழுப்பும் சரி, வெளியில் ஒன்றும் தெரியாது; பிறக்கும்போதே நிலைத்துவிட்ட இவ்வெண் ஒன்றுதான் சொல்லக்கூடியது.

சொல்லும் முறையிலேதான் தவறு புகுகிறது. பத்து வருடங்களில் நூறு பேரில் ஐவருக்கு வரக்கூடிய நோய், ஒருவருக்கு இருமடங்கு ஆபத்துடையது என்றால், அவரைப் போன்ற நூறு பேரில் பதின்மருக்கு வரும், தொண்ணூறு பேருக்கு வராது என்பதே அதன் பொருள். 'இருமடங்கு' என்ற சொல்லை மட்டும் காதில் வாங்கி வீடு திரும்புகிறவர் அதை விதியென்று எண்ணி நடுங்குவார். குறைந்த புள்ளி பெற்றவரோ அதை அபயமென்று கொள்வார்; அதுவே கூடுதல் அபாயம். உண்மையில் பரம்பரை ஆபத்து மாற்றவியலாத தீர்ப்பன்று. அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், டி.சி.எஃப்.7எல்.2 வேறுபாட்டை இரண்டு பிரதிகளாகத் தாங்கியவர்களும் உணவையும் தேகாப்பியாசத்தையும் ஒழுங்குபடுத்தியதால் நன்மை பெற்றனர் என்பது 2006இல் தெரியவந்தது. அதே ஆண்டில் சென்னையின் அம்பாடி இராமச்சந்திரன் குழுவினர், பரம்பரைப் புள்ளி எதுவும் பாராமலே, வாழ்க்கைமுறை மாற்றத்தால் நீரிழிவு தோன்றுவதை 28.5 வீதம் குறைக்கலாமென்று காட்டினர்.

நம்மவர்க்கு ஏற்ற புள்ளி வேண்டுமாயின் நம்மவருடைய தரவுகள் வேண்டும். மனிதரின் முழுப் பரம்பரைப் பொருளாகிய மரபுத்தொகுதியைப் படித்த ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டம் 2015இல் முடித்து வெளியிட்ட 2,504 பேரின் தொகுப்பில், ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேர் இருக்கின்றனர். உலகெங்கும் ஆய்வாளர் எடுத்தாளும் அத்தொகுப்பில் இத்தீவின் பெயர் நிற்பது மகிழ்ச்சிக்குரியதே. தென்னாசியரில் நீரிழிவோடு தொடர்புடைய ஆறு புதிய இடங்களைக் கண்ட 2011ஆம் ஆண்டின் பேராய்விலும் இலங்கையர் சேர்ந்திருந்தனர். இந்தியாவில் பதினாயிரம் பேரின் மரபுத்தொகுதியைத் தொகுத்த திட்டத்தின் தரவுகள் 2025இல் ஆய்வாளருக்குத் திறந்துவிடப்பட்டன. ஆயினும் எழுத்துகளைப் படித்துவிட்டால் மட்டும் புள்ளி பிறவாது. அவர்களை இருபது முப்பது வருடங்கள் பின்தொடர்ந்து, யாருக்கு எந்நோய் எப்போது வந்தது என்று குறித்துவைக்கும் பதிவேடு வேண்டும். இவ்விஷயத்தில் கண்டிக்கு ஒரு விசேஷ வாய்ப்புண்டு. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தது. அதனாற் குடும்பங்கள் பிளவுண்டு, ஒரு கிளை ஹேவாஹெட்டையிலும் புசல்லாவையிலும் தங்க, மறுகிளை நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களிற் குடியேறிற்று. மனிதத் துயரமாகிய அந்தப் பிரிவு, ஒரே பரம்பரை இரண்டு சூழல்களில் எவ்வாறு நோயுறுகிறது என்பதை அறியத்தக்க இடமாகவும் இருக்கிறது. பேராதனையும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகமொன்றும் கூடி இதை ஆராய்வது மிகவும் விரும்பத்தக்கது.

அவ்வாராய்ச்சியில் இரத்தம் தருவோரின் உரிமை முதலிற் பேணப்பட வேண்டியது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பரம்பரைத் தரவை விசேஷ வகையினதாகக் கொண்டு கூடுதற் பாதுகாப்பு அளிக்கிறது. அமெரிக்காவில் 2008இல் இயற்றிய சட்டமோ வேலைவாய்ப்பிலும் சுகாதாரக் காப்புறுதியிலும் பரம்பரைப் பாகுபாட்டைத் தடுத்து, ஆயுட்காப்புறுதியைத் தன் வரம்புக்குள் கொண்டுவராமலே விட்டுவிட்டது. தொழிலும் குடியிருப்பும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருந்துவந்த தோட்டத்தில், முகாமையாளராகிய துரையோ மேற்பார்வையாளராகிய கங்காணியோ கூட நிற்கத் தொழிலாளியிடம் கேட்டுப் பெறும் சம்மதம் சம்மதமாகாது. ஆய்வாளர் தனியாகவும் தமிழிலும் விளக்கிக் கேட்டு, விரும்பாதவர் கையெழுத்திடாமல் வேலைக்குத் திரும்பிச் செல்ல இடமளித்து, பின்னர் கிடைத்த பெறுபேற்றை நூறு பேரில் இத்தனை பேர் என்ற வடிவிலேயே அவர்கையிற் கொடுத்தல் வேண்டும்.